காமாபை நிறுவ மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன் (விண்டோஸ் 10, பழைய லேப்டாப்)

வெருலம் மெக்கானிக்:

எல்லோருக்கும் வணக்கம். டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் இருக்கிறேன், வயது 66. கரும்பாலையில் 34 வருஷம் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். தமிழ் எழுத்து கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படித்தது, பேச்சு ஆயாவிடம் கேட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் தமிழ்ப் பலகை ஒன்றுதான் இருக்கிறது, அதனால் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதுகிறேன். பதில் சொல்பவர்களும் அப்படியே சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஆலையில் ஒரு பெரிய தொட்டிக்கு மட்டம் பார்க்க சீசியம்-137 வைத்த கருவி என் பொறுப்பில் இருந்தது. ஒரு பக்கம் ஈயப் பெட்டிக்குள் சீசியம், எதிர்ப்பக்கம் எண்ணும் கருவி. தொட்டியில் மட்டம் ஏறினால் எண்ணிக்கை இறங்கும். காமா கதிர் என்றால் எனக்கு இத்தனை நாளும் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான். போன மாதம் பேத்தியின் பள்ளி வேலைக்காகத் தேடப்போய்தான், பக்கத்து நமீபியாவில் கோமாஸ் மேட்டுநிலத்தில் எச்.இ.எஸ்.எஸ். தொலைநோக்கிகள் டெரா எலெக்ட்ரான் வோல்ட் காமாவை எண்ணுகின்றன என்று தெரிந்தது. கணக்குப் போட்டேன். என் சீசியத்தைப் போலப் பதினைந்து லட்சம் மடங்கு! அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

அவர்கள் 2018-இல் கொஞ்சம் தரவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்க காமாபை என்ற மென்பொருள், அதுவும் இலவசம். சரி, வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலாவை நானே எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தது வியாழக்கிழமை. இன்று ஞாயிறு.

முதலில் பைத்தான் 3.13 போட்டு, ஒரு பழைய பாடத்தில் சொன்னபடி பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாகக் காமாபை 1.1 கேட்டேன். கால் மணி நேரம் எழுத்தாக ஓடி, கடைசியில் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ்பிளஸ் 14 வேண்டும் என்று சிவப்பில் நின்றது. எனக்கு எதற்கு சி? நான் கேட்டது பைத்தான்.

அதை அழித்துவிட்டு பைத்தான் 3.11 போட்டேன். இந்தத் தடவை நிறுவிவிட்டது. திறந்தால், நம்பை (பைத்தானின் எண் கணக்குப் பொட்டலம்) 1-இல் தொகுத்த பகுதி நம்பை 2-இல் ஓடாது என்று சண்டைக்கு வருகிறது.

மூன்றாவதாக, பைத்தானையும் பொட்டலங்களையும் சேர்த்தே நிறுவும் மினிஃபோர்ஜ் இறக்கினேன். அது நிறுவும்போதே பாதையைப் பார்த்து ஏதோ எச்சரித்தது, ஆமாம் என்று தட்டிவிட்டேன். காமாபைக்கென்று தனிச் சூழலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது லோட் ஷெட்டிங், வைஃபை போய்விட்டது. மின்சாரம் வந்த பிறகு அதே கட்டளையைக் கொடுத்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பாதி வீடுதான் நிற்கிறது, கூரையைக் காணோம்.

லேப்டாப் செகண்ட் ஹேண்ட். 8 ஜிபி ராம். எல்லாம் சி டிரைவ், யூசர்ஸ், தாத்தா என்ற ஃபோல்டரில் கிடக்கிறது. எங்கே தப்பு பண்ணுகிறேன்?

ஃபீனிக்ஸ் பையன்:

அங்கிள், லேப்டாப்பை விடுங்க. கூகுள் கொலாப்ல பிரவுசர்லயே ஓட்டலாம். ஒண்ணும் நிறுவ வேணாம்.

நெல்லை-போச்:

ஐயா, வணக்கம். நான் திருநெல்வேலி, இப்போது போச்செஃப்ஸ்ட்ரூமில் ஆராய்ச்சி மாணவி. என் வேலையே காமாபையோடுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸ் தம்பி சொன்னது ஒரு நாள் விளையாட்டுக்குச் சரி. ஆனால் கொலாபில் ஒவ்வொரு தடவை புதிதாகத் திறக்கும்போதும் நிறுவலும் தரவும் மறுபடி முதலிலிருந்து. உங்கள் வைஃபை நிலவரத்துக்கு அது ஓட்டைக் குடம்.

உங்கள் மூன்று பிழையும் மூன்று வியாதி. முதலாவது: காமாபை பெரும்பாலும் பைத்தான்தான். ஆனால் எண்ணிக்கைகளைப் பொருத்திப் பார்க்கும் ஒரு சின்னப் பகுதி வேகத்துக்காக சைத்தனில் எழுதியது. (சாத்தான் இல்லை, சைத்தன்.) அதை சி மொழியாக்கித் தொகுத்தால்தான் ஓடும். வழக்கமாக ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தொகுத்துவைத்த பொட்டலம் கிடைக்கும். நீங்கள் கேட்ட 1.1 வந்தது 2023-இல், பைத்தான் 3.13 வந்தது 2024 அக்டோபரில். பிறக்காத பிள்ளைக்கு யார் சட்டை தைத்துவைப்பார்கள்? பொட்டலம் இல்லாததால் பிப் உங்கள் லேப்டாப்பிலேயே தொகுக்கப் பார்த்தது, அதற்குத்தான் சி கேட்டது.

இரண்டாவதும் அதே ஜாதிதான். நம்பை 2 வெளியானது 2024 ஜூனில். அதற்கு முன் தொகுத்த பகுதிகளுக்கு அதன் உள்கட்டமைப்பு ஒத்துவராது. பழைய காமாபையைக் கேட்டீர்கள், பிப் பக்கத்தில் புத்தம்புதிய நம்பையைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது.

காமாபை குழுவினர் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு சூழல் கோப்பு தருவது இதற்காகத்தான். எந்தப் பைத்தான், எந்த நம்பை, எந்த ஆஸ்ட்ரோபை என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை மினிஃபோர்ஜிடம் கொடுத்து, காண்டா என்வ் கிரியேட் என்று சொன்னால் தனி அறை ஒன்று கட்டிக்கொடுக்கும். அந்த அறைக்குள் பிப் கொண்டு எதையும் திணிக்காதீர்கள். என் கூடப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு வருகிற தலைவலி அதனால்தான்.

மூன்றாவது பிழையில்தான் உங்கள் கேள்வியின் கடைசி வரி முக்கியம். ஃபோல்டர் பெயர் "தாத்தா" என்றீர்களே, அது தமிழ் எழுத்திலா இருக்கிறது? அப்படியென்றால் மினிஃபோர்ஜ் எச்சரித்தது அதைத்தான். பாதையில் இடைவெளியோ ஆங்கிலமல்லாத எழுத்தோ இருந்தால் பல கருவிகள் தடுமாறும். தமிழ் பண்ணிய பாவம்!

என் யோசனை: விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். போட்டுக்கொள்ளுங்கள். இந்த வகை மென்பொருள் எழுதுகிறவர்கள் லினக்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். பின்னால் காமா பார்க்கும் ஃபெர்மி செயற்கைக்கோளின் தரவு பார்க்க ஆசை வந்தாலும், அதன் ஃபெர்மிடூல்ஸ் லினக்ஸிலும் மேக்கிலும்தான் ஓடும்.

கேப்டவுன் மதுரைக்காரன்:

தங்கச்சி சொன்ன வியாதி எல்லாம் சரி, மருந்துதான் எனக்கு ஒத்துக்கல. 8 ஜிபி மெஷின்ல டபிள்யூ.எஸ்.எல். ராமில் பாதி வரைக்கும் எடுத்துக்கும். அண்ணன் பார்க்கப்போறது நாலு ஓட்டம் (தொலைநோக்கி ஒரு தடவை பார்த்த பதிவுதான் ஓட்டம்), நண்டு நெபுலா. அதுக்கு எதுக்குக் கப்பல் வாங்கணும்?

அண்ணே, மினிஃபோர்ஜை மறுபடி நிறுவுங்க. பாதை கேக்கும்போது சி டிரைவுக்கு நேர் கீழே "மினி"ன்னு ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் கொடுங்க. தாத்தா வீட்டுக்குள்ளேயே போக வேணாம். சூழல் கோப்பை நோட்பேடில் திறந்தா ஷெர்பா, ஹீல்பைன்னு ரெண்டு வரி இருக்கும். ரெண்டும் விண்டோஸுக்குக் கிடைக்காது, இல்லாட்டியும் குடி முழுகாது. அந்த வரிகளை அழிச்சு சேமிங்க. அழிக்காம விட்டா எதையோ தேடிக்கிட்டே நிக்கும், கடைசியில் தீர்வு இல்லைன்னு கையை விரிக்கும்.

பாதியில் நின்ன சூழலை முதல்ல காண்டா என்வ் ரிமூவ் போட்டு இடிச்சுடுங்க. மினிஃபோர்ஜ் இருக்கிற இடம் மாறுறதால பழைய பொட்டலங்களை நம்ப வேணாம், திரும்ப இறங்கட்டும். அடுத்த தடவை கரண்ட் போனா பயப்படாதீங்க: முழுசா இறங்கின பொட்டலமெல்லாம் கிடங்கில் இருக்கும், மிச்சம் மட்டும்தான் இறங்கும். காண்டா மெதுவா இருந்தா அந்த இடத்தில் மாம்பான்னு போடுங்க, மினிஃபோர்ஜோடவே வருது. அதே வேலையை வேகமா பார்க்கும்.

நெல்லை-போச்:

அண்ணன் சொல்வதும் நடக்கும், மறுக்கவில்லை. தரவுக்கு ஒன்று மட்டும். காமாபை டவுன்லோட் டேட்டாசெட்ஸ் என்று கொடுத்தால் எல்லாப் பாடத்துக்கும் உரிய மொத்தத் தரவும் இறங்கும். ஐயாவுக்கு வேண்டியது எச்.இ.எஸ்.எஸ். தரவு மட்டும்தான், அது ஸெனோடோ என்ற ஆராய்ச்சித் தரவுத் தளத்தில் ஒரே கட்டாகத் தனியாகக் கிடைக்கிறது. பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர, கோப்பை இறக்கும் கர்ல் கட்டளையோடு கழித்தல் குறி, பெரிய எழுத்து சி, இடைவெளி, மறுபடி ஒரு கழித்தல் குறி.

வெருலம் மெக்கானிக்:

அம்மா, தம்பி, இரண்டு பேருக்கும் கும்பிடு. ஆமாம், ஃபோல்டர் பெயர் தமிழில்தான். பேத்தி ஆசையாக வைத்தது. அவளிடம் சொன்னேன், ஒரு மாதிரி பார்த்தாள்.

அம்மா சொன்னபடி லினக்ஸைத்தான் முதலில் பார்த்தேன். அதற்கு பயாஸுக்குள் போய் ஒன்றைத் திறந்துவிட வேண்டுமாம். உள்ளே போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. இதை எனக்கு விற்றவரைத் தேடினால் அவர் போன் நம்பரே மாற்றிவிட்டார். ஆகவே மதுரைத் தம்பி வழி.

இந்த ஊரில் மாம்பா என்றால் விஷப் பாம்பு, கண்டால் கரும்புக் காட்டில் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடுவோம். நான் வாசலில் கூப்பிட்டுவைத்து வேலை வாங்கியிருக்கிறேன்! இரண்டு வரி அழித்தேன், மாம்பா ஓடியது, இருபது நிமிஷம். நடுவில் மின்சாரம் போகவில்லை, அது முருகன் புண்ணியம். காமாபை இன்ஃபோ என்று கொடுத்ததும் பதிப்பு எண்களெல்லாம் வரிசையாக வந்தன. ஷெர்பாவுக்கும் ஹீல்பைக்கும் நேரே நிறுவப்படவில்லை என்று இருந்தது, கண்டுகொள்ளவில்லை.

தரவும் இறங்கியது. பாடத்தில் சொன்னபடி காமாபை டேட்டா என்ற சூழல் மாறிக்குப் பாதை கொடுக்க, செட்எக்ஸ் கட்டளை போட்டேன். வெற்றி என்றே சொன்னது. பாடத்தின் நோட்புக்கை (பிரவுசரில் ஓடும் பைத்தான் பக்கம்) திறந்தால் அப்படி ஒரு மாறியே இல்லை என்கிறது. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் வெற்றி, மூன்று தடவையும் இல்லை.

கேப்டவுன் மதுரைக்காரன்:

அண்ணே, செட்எக்ஸ் இனிமே திறக்கிற ஜன்னலுக்குத்தான் சொல்லும், இப்ப திறந்திருக்கிற ஜன்னலுக்குச் சொல்லாது. எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி திறங்க, நோட்புக்கையும் சேர்த்து. திறந்ததும் காண்டா ஆக்டிவேட் போட மறக்காதீங்க.

நெல்லை-போச்:

பாதை மேல் ஃபோல்டரோடு நிற்க வேண்டும். அதற்குள் இருக்கும் எச்.இ.எஸ்.எஸ். ஃபோல்டரின் பெயர் பாடத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கீழ்க்கோடா நடுக்கோடா (ஹைஃபன்) என்பதில்கூடத் தவறும்.

வெருலம் மெக்கானிக்:

ஓடியது!!

நடுக்கோடுதான் அம்மா. ஒரு கோட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.

நான்கு ஓட்டம் எடுத்தேன்: 23523, 23526, 23559, 23592. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 நிமிஷம். நண்டைச் சுற்றி 0.11 டிகிரியில் ஒரு வட்டம். தொலைநோக்கி பார்த்த நடுப்புள்ளியைச் சுற்றி அதே தூரத்தில், அதே அளவில் வெறும் வானத்தில் பல வட்டங்கள். நண்டு வட்டத்தில் விழுந்ததிலிருந்து வெறும் வானத்தின் சராசரியைக் கழிக்கிறார்கள். இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆலையில் நாங்கள் செய்ததும் இதைத்தான். சீசியத்தின் கதவை மூடிவைத்து ஒரு தடவை எண்ணு, திறந்து ஒரு தடவை எண்ணு, கழி. வித்தியாசம் என்னவென்றால் இவர்களால் நண்டை மூட முடியாது. அதனால் பக்கத்து வானத்தைக் கதவாக்கிக்கொண்டார்கள். எந்த மகராசன் யோசித்தானோ, கெட்டிக்காரன்.

நிறமாலையும் வந்தது. ஆற்றல் ஏற ஏறக் காமா எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் சரிவு எண் 2.6-ஐ ஒட்டி. பேத்திக்குக் காட்டி, 1054-இல் சீனாக்காரர்கள் பகலிலேயே பார்த்த வெடிப்பின் மிச்சம் இது, அதன் காமாவைத்தான் தாத்தா இந்தச் சாப்பாட்டு மேசையில் எண்ணினேன் என்றேன். "நீங்களா எண்ணினீங்க, கம்ப்யூட்டர்தானே" என்கிறாள்.

ஒரு சந்தேகம். இந்தத் தொலைநோக்கிகள் 0.1 டெரா எலெக்ட்ரான் வோல்ட் அளவிலிருந்தே பார்க்கும் என்று படித்தேன். என் படத்தில் முதல் புள்ளி 1 டெராவுக்குச் சற்றுக் கீழேதான் ஆரம்பிக்கிறது. இடதுபக்கம் காலி. நிறுவலில் ஏதாவது விட்டுப்போச்சா? அழித்தேனே, அந்த இரண்டு வரியாலா?

நெல்லை-போச்:

இல்லை ஐயா, உங்கள் நிறுவலில் குற்றமே இல்லை. குற்றம் நண்டு இருக்கும் இடத்தில்.

நண்டு வடக்கு வானத்துப் பொருள், வான நடுக்கோட்டுக்கு 22 டிகிரி வடக்கே. தொலைநோக்கிகள் இருப்பது பூமியின் நடுக்கோட்டுக்கு 23 டிகிரி தெற்கே. ஆக அது மிக உயரமாக ஏறும் வேளையிலும் தலைக்கு மேலிருந்து 45 டிகிரி சாய்ந்துதான் நிற்கும்.

காமா தரைக்கு வருவதே இல்லை, தெரியுமல்லவா? பல கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறுகிறது. அந்த மழை விடும் நீல வெளிச்சம் சில நானோ நொடிதான் இருக்கும், அதைத்தான் தொலைநோக்கி பிடிக்கிறது. சாய்வாகப் பார்க்கும்போது அந்த மழை தொலைநோக்கியிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய்விடுகிறது. வெளிச்சம் பரந்த இடத்தில் நீர்த்து விழும். சின்ன ஆற்றல் காமாவின் வெளிச்சம் கண்ணாடிக்குப் போதாமல் தவறிவிடும். பெரிய ஆற்றலுக்கு அதுவே லாபம், பரந்து விழுவதால் தூரத்தில் விழுந்ததும் பிடிபடும். அந்த 0.1 டெரா என்பது தலைக்கு மேலே இருக்கும் பொருளுக்கு.

ஒவ்வொரு ஓட்டத்தோடும் கருவியின் திறன் அட்டவணை சேர்ந்தே வருகிறது. எந்த ஆற்றலுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு கணக்கில் வரும் என்று அதில் இருக்கும். உச்சப் பரப்பில் 10 சதவீதத்துக்குக் கீழே போகும் பகுதியை வெட்டிவிடச் சொல்லி நீங்கள் ஓட்டிய பாடத்திலேயே ஒரு வரி உண்டு. இடதுபக்கத்தைக் காலி செய்தது அந்த வரிதான். அதை எடுத்துவிட்டு ஓட்டலாம், புள்ளிகள் வரும். ஆனால் நம்பாதீர்கள்.

வெருலம் மெக்கானிக்:

புரிந்தது அம்மா. ஆலையிலும் கருவியின் அளவுகோலில் கடைசிப் பத்து சதவீதத்தை நம்பாதே என்று ஃபோர்மன் சொல்வார். நான் வரியை எடுக்கவில்லை.

டிசம்பரில் நடு இரவு வீட்டுப் பின்புறம் நின்றால் நண்டு வடக்கே 38 டிகிரி உயரத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொய்யா மரத்துக்கு மேலே. வெறும் கண்ணுக்குத் தெரியாதுதான், இருந்தாலும் திசை தெரிந்தால் போதும்.

அடுத்த கேள்வி. தலைக்கு மேலே இருக்கும் பொருள் ஏதாவது இந்தத் தரவில் உண்டா?

நெல்லை-போச்:

உண்டு, அதுவும் உங்களுக்கென்றே வைத்த மாதிரி. பி.கே.எஸ். 2155-304. பெயரின் பின்பாதியைப் பாருங்கள்: வான நடுக்கோட்டுக்கு 30 டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தெற்கே. வெருலமும் ஏறக்குறைய அதே அட்சரேகைதானே? ஆகஸ்ட் கடைசியில் நடு இரவு வாக்கில் அது உங்கள் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே போகும், உச்சியிலிருந்து நிலாவின் அகலம் அளவுக்குத்தான் தள்ளி.

அது வேறொரு விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸி) நடுவிலிருக்கும் கருந்துளை. அதிலிருந்து பீறிடும் பீச்சு (ஜெட்) நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2006 ஜூலையில் சில நிமிஷங்களுக்குள்ளேயே ஒளிர்வு இரட்டிக்கும் அளவுக்குக் கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பின் ஓட்டங்களும் உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக ஒன்றும் இறக்க வேண்டாம். ஓட்ட எண்களுக்கு ஓட்ட அட்டவணைக் கோப்பைத் திறந்து, பொருள் என்ற பத்தியில் பெயரைத் தேடுங்கள்.

ஃபீனிக்ஸ் பையன்:

அங்கிள், அந்த அழிக்க வேண்டிய ரெண்டு வரி எதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க. நானும் போடுறேன்.

வெருலம் மெக்கானிக்:

ஷெர்பா, ஹீல்பை. முதலில் உன் ஃபோல்டர் பெயரைப் பார் தம்பி.